முக்காட்டு ராணிப் பவுண்

மூதூர் இறங்குதுறையில் நான் திருக்கோணமலை மோட்டார் லோஞ்சை விட்டு இறங்கியபோது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஸெய்னுதீன் ஹாஜியாரின் வீடு அங்கிருந்து நடக்கும் தூரம். குடையை விரித்துக்கொண்டு நடந்தேன். தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

பழைய கல்வீடு. ஹாஜியார் நெல் வியாபாரி. அவருடைய வாப்பா காலத்திலிருந்தே எங்கள் வயல் நெல்லை அவர்கள்தான் எடுக்கிறார்கள். வெளிச்சுவரில் ஆள் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு ஓடியது. அறுபத்துநாலாம் ஆண்டு மார்கழிப் புயலில் கடல் அந்த வீட்டுக்குள் வந்து நின்ற உயரம் அது. எத்தனை தரம் வெள்ளையடித்தாலும் கோடு மேலே வந்துவிடுகிறது என்று ஹாஜியார் முன்பே சொல்லியிருந்தார்.

நான் போனது பவுண் காசு பார்க்க. என் மூத்த மகன் கதிரவேலுக்கு ஆனி மாதம் கலியாணம்.

எங்கள் பகுதியில் தாலிக்கொடி செய்வது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. கொடியில் தாலிக்கு இரு பக்கமும் ஒவ்வொரு தங்கப் பவுண் தொங்கும். எங்கள் குடும்பத்தில் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு கலியாணத்துக்கும் குடும்பத் தலைவர் இரண்டு சோடி பவுண் தெரிந்தெடுப்பார். ஒரு சோடி மருமகளின் கொடிக்கு. மற்றச் சோடி எங்கள் கருங்காலிப் பெட்டிக்கு. பெட்டிக்குள் போன காசு வெளியே வராது. அதில் இருக்கும் காசு எவர் கழுத்தையும் கண்டதில்லை. வெள்ளைக்காரன் துறைமுகத்தில் கொடி ஏற்றியதையும் இறக்கியதையும் பார்த்த பெட்டி அது.

எந்தக் காசும் பெட்டிக்குப் பொருந்திவிடாது. அச்சுச் சூட்டோடு பளபளக்கும் புதுக்காசு எங்களுக்கு ஆகாது; அது உலகத்தைக் காணாத காசு. ஊரெல்லாம் அலைந்து ராசாவின் மூக்குத் தேய்ந்த காசும் ஆகாது. அதில் எத்தனை பேருடைய பெருமூச்சு ஒட்டியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கொஞ்சமே கைபட்ட காசாக இருக்க வேண்டும். கண்ணை மூடி வலது கட்டைவிரலால் தடவிப் பார்த்துத்தான் எடுப்போம். கண் பளபளப்புக்கு மயங்கும், விரல் மயங்காது. பெண்கள் கை அந்தக் காசுகளில் படக் கூடாது. ஏன் என்று கேட்கும் வழக்கமும் எங்கள் வீட்டில் இல்லை.

ஹாஜியார் யன்னல்களைச் சாத்தி, மேசையில் வெள்ளைச் சீலை விரித்து, தகப்பன் வைத்துவிட்டுப் போன பவுண்களைப் பரப்பினார். மூன்று தெரிந்தெடுத்தேன். நாலாவது அகப்படவில்லை. ஒன்று அதிகம் தேய்ந்திருந்தது. ஒன்று கண்ணாடி மாதிரி இருந்தது. ஹாஜியார் அலுப்பில்லாமல் தேநீர் ஊற்றித் தந்தார்.

அப்போதுதான் திறந்திருந்த அலுமாரிக்குள், மேல் அடுக்கில், ஒரு சின்னத் தட்டின் மேல் ஒரு பீங்கான் கோப்பை தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். அது என்னவென்று கேட்டேன். அவர் எழுந்துபோனார். கோப்பையைத் தட்டோடு தூக்கிவந்து வைத்து நிமிர்த்தினார்.

அதன் கீழே ஒரு பவுண் இருந்தது. தட்டு ஈரமாக இருந்தது.

"உப்புக் காத்து, விதானையார்," என்று சொல்லி ஹாஜியார் தட்டைத் துடைத்தார். விதானை என்று நான் வகித்த ஊர்த்தலைமைப் பதவியை அரசாங்கம் எடுத்து நாலு வருடம். பெயரை ஊர் இன்னும் எடுக்கவில்லை.

காசைக் கையில் எடுத்தேன். முக்காடு போட்ட கிழ ராணியின் தலை. முக்காட்டின் மடிப்புகள்கூட விரலுக்குத் தனித்தனியே தெரிந்தன. மறுபக்கத்தில் குதிரையும் வீரனும் மெல்ல மழுங்கி, பனிக்குள் நிற்பதுபோல் இருந்தார்கள். விளிம்பில், ராணியின் தலைக்கு நேர் மேலே, ஒரு சின்னக் கரகரப்பு. எங்கோ கல்லில் விழுந்த காசாக்கும் என்று எண்ணினேன். கண்ணை மூடித் தடவினேன். என் கட்டைவிரல் அப்படி ஒரு காசை அதற்கு முன் கண்டதில்லை.

இதுதான் என்றேன்.

"அது விக்கிற சாமான் இல்ல. அமானிதம். நம்பித் தந்த பொருள்."

"ஆற்ற அமானிதம்?"

"ஆருடயெண்டு தெரிஞ்சா நான் ஏன் கோப்பைக்குக் கீழ வெச்சிரிக்கன்? புயலுக்குப் பொறகு மீன்பிடிக்கிற ஆதம்பாவா காக்கா கரையில கண்டெடுத்தாராம். அவர் வீட்டுல வெக்க மாட்டாராம். உரியவங்க வந்தாக் குடுங்க எண்டு தந்துட்டுப் போனவர். இன்னும் ஒருத்தரும் வரல்ல."

இரண்டரை வருடமாக வராதவர் இனி வருவாரா? நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஹாஜியார், என்ர வீட்டில பிறத்தியாற்ற பொருள் தங்காது. உரிய ஆள் எண்டு ஒருத்தர் வந்து என்ர படலையில நிண்டு கேட்டா, அந்த நேரமே எடுத்துக் குடுப்பன். இது என்ர வாக்கு."

"உங்கட வாக்குல எனக்குச் சந்தேகமில்ல," என்றார் ஹாஜியார். "கேக்க வாற ஆளத்தான் தெரியல்ல."

மூன்று காசுக்கு மட்டும் விலை வாங்கினார். நாலாவதற்கு விலை சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்றார். என் கையில் வைத்தபோது ஏதோ ஓதிக்கொண்டே வைத்தார்.

திரும்பும்போது லோஞ்சு கொட்டியாரக் குடாவின் நடுவுக்கு வந்ததும் என் சட்டைப் பை பாரமானது.

ஒரு கை உள்ளிருந்து கீழே இழுப்பது போன்ற பாரம்.

கரை நெருங்க நெருங்க அது இல்லாமல் போயிற்று. வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு காசில் அந்த முக்காட்டு ராணிதான் மேலானது. மேலானது மருமகளின் கழுத்துக்கே போக வேண்டும் என்று தீர்மானித்தேன். பெட்டியில் இருந்தால் என்ன, கழுத்தில் இருந்தால் என்ன, இரண்டும் என் வீடுதானே.

கொடி செய்ய முருகேசுப் பத்தரை வீட்டுக்கே அழைத்திருந்தேன். அவர் எங்கள் விறாந்தையில் உமிச்சட்டி வைத்து வேலை செய்தார். மற்றக் காசுக்கு வளையம் வைத்து முடிந்தது. முக்காட்டு ராணியை நெருப்பில் காட்டியபோது அதன் முகத்தில் முத்து முத்தாக நீர் அரும்பியது. துடைத்தார். மறுபடி அரும்பியது. விளிம்பை நகத்தால் தொட்டுப் பார்த்துவிட்டு, இதில் முந்தி ஏதோ வேலை நடந்த அடையாளம் இருக்கிறது என்று தொடங்கினார். நான் தெரிந்தெடுத்த காசு என்றேன்.

பத்தர் தலை குனிந்துகொண்டார். "உங்கட விரல் பாத்த காசு. நான் என்னத்தைச் சொல்ல?" என்று ஊதுகுழலை வாயில் வைத்தார். அது புகழ்ச்சியா குத்தலா என்று அன்று நான் யோசிக்கவில்லை.

கலியாணம் குறைவில்லாமல் நடந்தது. மணப்பெண் கோணேஸ்வரி நிலாவெளிப் பிள்ளை. தகப்பன் வாத்தியார். அதிகம் கதைக்காத, நிலம் பார்த்து நடக்கும் பிள்ளை. கதிரவேல் தாலி கட்டிய கணத்தில் அவள் தோள் ஒருமுறை குலுங்கியது. அருகில் நின்ற எனக்கு மாலைப் பூவின் வாசனையோடு இன்னொரு வாசனையும் வந்தது.

நனைந்து உலராத வலையின் வாசனை.

எங்கள் வீடு உள்துறைமுகக் கரையோரம் இருக்கிறது. முன்வாசல் படலை வீதியைப் பார்க்கும். பின்வாசல் தண்ணீரைப் பார்க்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்தால் யன்னல்களைச் சாத்திவிடுவோம். வெளியே வெயில் எரிக்கும். உள்ளே இருட்டும் குளிர்ச்சியுமாக இருக்கும். அந்த நேரத்தில் வீட்டில் ஒரு சத்தமும் இராது.

கலியாணத்துக்குப் பிறகு இருந்தது.

சொட்டு. நீண்ட இடைவெளி. மறுபடி சொட்டு. நனைந்த சீலையோடு ஒருவர் வீட்டின் உள்நடையில் நின்றுகொண்டிருப்பதுபோல. எழுந்து போய்ப் பார்த்தால் நிலம் காய்ந்திருக்கும். கூரையில் ஒழுக்கு இல்லை. அது மழைக்காலமும் இல்லை. நான் மறுபடி சாய்மனைக் கதிரையில் சாய்வேன். சத்தம் மறுபடி தொடங்கும், இந்த முறை மருமகளின் அறை வாசலில்.

பிறகு ஒரு நாள் என் மனைவி இரத்தினேஸ்வரி வந்து, பிள்ளையின் கழுத்தில் உப்புப் பூக்கிறது என்றாள். துடைக்கத் துடைக்க, அந்தக் காசு கிடக்கும் இடத்தில் வெள்ளையாகப் பூக்கிறதாம். வியர்வை என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அதன் பிறகு மத்தியானங்களில் கோணேஸ்வரி படுப்பதை விட்டாள். பின்வாசலில் வந்து நிற்பாள். கூப்பிட்டால் உடனே திரும்பி, "ஓம் மாமா," என்பாள். ஏன் நிற்கிறாய் என்றால் தெரியவில்லை என்பாள். ஒரு தரம் நான் கூப்பிடாமல் பக்கவாட்டில் நின்று பார்த்தேன்.

அவள் நிமிர்ந்து நின்றாள். காற்று இல்லை.

கொடி அவள் நெஞ்சில் கிடக்கவில்லை.

அது அவளுக்கு முன்னால், தண்ணீர்ப் பக்கமாக, விறைத்து நீண்டு நின்றது. ஒரு பக்கத்துக் காசு மட்டும் முன்னே. மற்றக் காசும் தாலியும் அதன் பின்னால் தொங்கின.

நான் இருமினேன். கொடி அவள் நெஞ்சில் விழுந்தது.

அன்று இரத்தினேஸ்வரி அறைக் கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். தன் கொடியைக் கழுத்திலிருந்து எடுக்காமலே முன்னால் இழுத்து, அதிலிருந்த பவுணைத் திருப்பிக் காட்டினாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அதன் மறுபக்கத்தை நான் பார்த்ததே இல்லை. குதிரையும் வீரனும் மழுங்கி, பனிக்குள் நிற்பதுபோல் இருந்தார்கள். தலைப்பக்கம் மட்டும் கூராக இருந்தது.

"இஞ்சேருங்கோ, பிள்ளையின்ர கழுத்தில கிடக்கிற காசும் இப்பிடித்தான். அது கைபட்ட காசில்லை. நெஞ்சுபட்ட காசு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒருத்தியின்ர தாலிக் காசைக் கொண்டுவந்து இன்னொருத்தியின்ர கழுத்தில கட்டிப்போட்டியள். தெரிஞ்செடுக்கேக்க என்னட்ட ஒருக்காக் காட்டியிருந்தா ஒரு சொல்லில சொல்லியிருப்பன்."

நான் அவளிடம் சத்தம் போடாதே என்றேன். அந்தக் காசை மட்டுமாவது கழற்றித் தாருங்கள் என்று கேட்டாள். கழற்றுவதானால் கொடியைக் கழுத்திலிருந்து எடுக்க வேண்டும். பத்தரிடம் கொடுக்க வேண்டும். ஊருக்குத் தெரிய வேண்டும்.

"புருசன் உயிரோட இருக்கேக்க தாலி கழட்டிற வழக்கம் இந்த வீட்டில இல்லை," என்றேன்.

அவள் கதவைத் திறந்துகொண்டு குசினிக்கு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அடுத்த நாள் உச்சிப்பொழுது. நான் விறாந்தையில் இருந்தேன். படலை சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது.

"ஐயா."

படலைக்கு இந்தப் பக்கம், மாமர நிழலுக்குள், ஒரு பெண் நின்றாள். மண்ணிறச் சீலை. தலையை மூடி முக்காடு. முகம் நிழலில் இருந்தது. வயது முப்பதுக்குள் இருக்கலாம். குரல் மட்டும், நெடுநாள் தண்ணீர் குடிக்காதவர் குரல்போல் வரண்டிருந்தது.

"ஆர் பிள்ளை? எங்கயிருந்து வாறாய்?"

"ஹாஜியார் சொன்னவர். என்ர காசு உங்களிட்டயாம்."

என் முதுகு கதிரையில் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் விதானையாக இருந்தவன் நான். எத்தனை வழக்குக் கேட்டிருக்கிறேன். உன் காசு என்பதற்கு என்ன அடையாளம் என்று கேட்டேன்.

"குதிரை தேஞ்சிருக்கும்," என்றாள். "என்ர நெஞ்சில தேஞ்சது."

உள்ளே எங்கோ கோணேஸ்வரியின் வளையல் ஒலித்தது. அந்தப் பெண்ணின் முக்காடு அந்தப் பக்கம் மெல்லத் திரும்பியது.

என் வாக்கு நினைவுக்கு வந்தது. கேட்ட நேரமே கொடுப்பேன் என்று சொன்ன வாக்கு. ஆனால் காசு இப்போது பெட்டியில் இல்லை. என் மகனின் உயிருக்குக் காவலாக என் மருமகளின் கழுத்தில் இருந்தது. விதானையார் வழக்கைத் தள்ளிவைப்பதுபோல் நான் அதைத் தள்ளிவைத்தேன்.

"இப்பிடித் தனிய வந்து கேட்டாக் குடுக்க ஏலாது. உன்ர ஆக்களைக் கூட்டிக்கொண்டு வா. அவையும் சொல்லட்டும்."

அவள் முக்காடு என் பக்கம் திரும்பியது.

"என்ர ஆக்களையோ?"

"ஓம்."

"எல்லாரையும் கூட்டிக்கொண்டு வரட்டோ ஐயா?"

அந்த வரண்ட குரலில் ஒரு சந்தோசம் இருந்தது. நெடுங்காலம் வாசலில் நின்றவரை உள்ளே வா என்று அழைத்ததுபோல.

"கூட்டிக்கொண்டு வா," என்றேன்.

கண்ணை ஒருமுறை மூடித் திறந்தேன். மாமர நிழலில் ஒருவரும் இல்லை. படலைச் சங்கிலி பூட்டியபடியே இருந்தது. அவள் நின்ற இடத்துக்குப் போனேன். எங்கள் முற்றம் செம்மண். அந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கடல்மணல் பரவிக் கிடந்தது. வற்றிப்போன அலை விட்டுச்செல்லும் வரிகள் அதில் மெல்லிசாகப் படிந்திருந்தன.

மறுநாள் காலை முதல் லோஞ்சில் மூதூர் போனேன்.

ஹாஜியார் என்னை எதிர்பார்த்திருந்தார். அவரிடமும் அவள் வந்திருந்தாள், சென்ற வெள்ளிக்கிழமை, உச்சி நேரத்தில். அமானிதம் என்பதால் மறைக்க முடியாமல் என்னிடம் இருப்பதைச் சொல்லியிருக்கிறார். அவள் போனபின் வாசலில் மணலைக் கண்டு ஆதம்பாவாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். இதுவரை சொல்லாததைக் கிழவர் அன்று சொல்லியிருக்கிறார்.

புயல் ஓய்ந்ததும் வலை வளைத்தபோது மீனில்லாமல் பாரம் ஏறியிருக்கிறது. ஒரு பெண். கொடி அறுந்துபோன கழுத்தில் சிவந்த கோடு. வலது கை இறுக மூடியபடி. எத்தனை பேர் முயன்றும் அந்தக் கையைத் திறக்க முடியவில்லை. எந்த ஊர், எந்தச் சாதி சனம் என்று தெரியாமல், கரையோரத் தாழைகளுக்கு அப்பால் மரியாதையாக அடக்கம் செய்யக் கிடத்தியபோது அந்தக் கை தானாகவே திறந்திருக்கிறது. உள்ளே காசு. தன்னை நம்பித் தந்ததாக ஆதம்பாவா எண்ணியிருக்கிறார். திருக்கோணமலையில் திருவெம்பாவைத் திருவிழா பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு வள்ளம் அந்தப் புயலில் போனது என்று பிறகு கேள்விப்பட்டாராம். வள்ளம் நிறையப் பெண்கள். நல்ல சீலையும் நகையுமாகப் போனவர்கள். கரைக்கு வந்தது அவள் ஒருத்திதான்.

மற்ற எல்லாரும் இன்னும் கடலடியிலேதான்.

"நீங்க வாக்குத் தந்தீங்க விதானையார்," என்றார் ஹாஜியார்.

திரும்பும் லோஞ்சில் நான் உட்காரவில்லை. குடாவின் நடுவே வந்தபோது தண்ணீரைப் பார்க்காமல் நின்றேன். இறங்குதுறையை நெருங்கியபோது என் வீட்டின் பின்புறம் தெரிந்தது. கரையில் ஆட்கள் கூடி நின்றார்கள். இரத்தினேஸ்வரி தலைமுடி அவிழ்ந்து நின்றாள்.

கோணேஸ்வரி நெஞ்சளவு தண்ணீரில் நின்றாள்.

கதிரவேல் பின்னாலிருந்து அவளை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கி உரமேறிய உடம்பு. ஆனாலும் அவன் கால்கள் மணலில் உழுதுகொண்டு முன்னே போயின. அவளுக்கு முன்னால் தண்ணீரின் மேல், கயிற்றில் கட்டிய ஆட்டை இழுப்பதுபோல், கொடி விறைத்து நீண்டிருந்தது. அதன் நுனியில் அந்தக் காசு நீருக்குள் மறைந்திருந்தது.

அலை இல்லை. துறைமுகம் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது.

லோஞ்சு துறையில் தட்டியதும் நான் ஓடிப்போய் வேட்டியோடு தண்ணீரில் இறங்கினேன். என்னைக் கண்டதும் பிள்ளை இரண்டு கைகளாலும் கொடியைப் பொத்திக்கொண்டாள். கழுத்தில் இரத்தம் கசிந்தது.

"மாமா, கழட்டாதேங்கோ. அவருக்கு ஏதும் நடந்திடும்."

தன்னை இழுத்துக்கொண்டு போவது தெரிந்தும் அவள் தன் புருசனுக்காக அதை விடாமல் பிடித்திருந்தாள். அவள் மோவாய்வரை தண்ணீர் வந்துவிட்டது. கரையில் ஊர் நின்று பார்த்தது.

"கையை எடு பிள்ளை," என்றேன். "இது என்ர வாக்கு."

அவள் பின்கழுத்துக் கொக்கியை என் கையால் கழற்றினேன்.

கொடி விழவில்லை. நேராக, அவசரமில்லாமல், நீரின் மேல் மினுங்கிக்கொண்டு போயிற்று. காசு, தாலி, மற்றக் காசு, எல்லாமாக. கொஞ்சத் தூரத்தில் மெல்லக் கீழே இறங்கியது. கை நீட்டிய ஒருவரிடம் கொடுத்ததுபோல.

அன்று மாலையே மஞ்சள் கயிற்றில் கதிரவேல் மறுபடி தாலி கட்டினான். என் மகனுக்கு இன்றுவரை ஒரு தலையிடிகூட வரவில்லை. பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்கிறார்கள். ஆனால் ஊர் அன்று பார்த்ததை மறக்கவில்லை. மருமகளின் தாலியறுத்த விதானை என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். சொல்லட்டும். தாலி எடுத்தது உண்மை. ஆனால் எங்கள் குடும்பம் கொடுத்த வாக்கை நான் அறுக்கவில்லை. அதற்காகவே இதை எழுதி வைக்கிறேன்.

இத்துடன் முடித்திருப்பேன். ஆனால் இது எண்பத்தொன்றாம் ஆண்டு. இளையவனுக்குக் கலியாணம் வந்திருக்கிறது. போன கிழமை புதுச் சோடியை வைப்பதற்காகக் கருங்காலிப் பெட்டியைத் திறந்தேன். அந்தக் கலியாணத்துக்குப் பிறகு அது திறக்கப்படவில்லை. அதன் திறப்புச் சாவி என் இடுப்பை விட்டு அகன்றதுமில்லை. காலையில் வருவதாகச் சொன்ன பத்தரின் மகன் பிந்தி வந்ததால் உச்சிப்பொழுது ஆகிவிட்டது. அவனை விறாந்தையில் இருத்திவிட்டு, வழக்கம்போல் யன்னல் சாத்திய அறையில், கண்ணை மூடிக்கொண்டு ஒரு காசைத் தொட்டேன்.

சூடாக இருந்தது.

வெயிலின் சூடு அல்ல. இப்போதுதான் ஒருவர் கழுத்திலிருந்து எடுத்துத் தந்ததுபோன்ற சூடு.

மறுபக்கம் திருப்பித் தடவினேன். குதிரை மழுங்கியிருந்தது. விளிம்பில், தலைக்கு நேர் மேலே, வளையம் அறுந்த இடம்போல ஒரு சின்னக் கரகரப்பு. அடுத்ததை எடுத்தேன். அதுவும் அப்படியே. என் தகப்பனார் தெரிந்தெடுத்தது, அவருடைய தகப்பனார் தெரிந்தெடுத்தது, நான் மூதூரிலிருந்து கொண்டுவந்தது. எவர் கழுத்தையும் காணாத காசுகள். ஒன்று விடாமல் எல்லாமே நெஞ்சுபட்டுத் தேய்ந்திருந்தன.

என் கட்டைவிரலின் கீழே காசு மெல்ல எழுந்தது. மெல்லத் தாழ்ந்தது. மறுபடி எழுந்தது. உறங்கும் ஒருத்தியின் நெஞ்சில் கிடப்பதுபோல.

வெளியே படலைச் சங்கிலி அசையும் சத்தம் கேட்டது.

இரத்தினேஸ்வரி அறை வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. அவள் குரல் தணிந்திருந்தது.

"இஞ்சேருங்கோ, முத்தத்தில கனபேர் நிக்கினம். எல்லாம் பொம்பிளையள். தலை நனைஞ்சு நிக்கினம். ஆக்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னியளாம்."